படுத்தே கிடந்தால் முதுகு வலிக்கும்

மே 13, திங்கள்

இன்று ஏழு கேஸ். ஐந்து கை வழி, இரண்டு தொடை வழி. கை வழி என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். இதயத்துக்குப் போன குழாயை மணிக்கட்டிலிருந்து உருவியதும் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். தொடை வழி என்றால்தான் என்னைத் தேடுவார்கள். குழாயை உருவிய கையோடு, தொடை இடுக்கில் நாடி துடிக்கிற இடத்தில் விரலை வைத்து, முழங்கை மடங்காமல் இருபது நிமிடம் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. முடிக்கும்போது கை மரத்துப் போயிருக்கும். டாக்டர் வேலாயுதம் புதிதாக வருகிறவர்களிடம், "ஜெபக்கனி சிஸ்டர் அழுத்தினா ரத்தமே பயந்து நின்னுரும்" என்பார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அழுத்தி முடித்தால் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும். கிடக்கிற எல்லாரும் முதுகு வலிக்கிறது என்பார்கள். இன்றைக்கு ஒரு கங்கைகொண்டான் வாத்தியார் மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னார். "படுத்தே கெடந்தா முதுகு வலிக்கத்தான் செய்யும் சார்" என்றேன். வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் முத்துச்செல்விக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட வேண்டும். நின்றால் போச்சு, ஊர்க்கதை எல்லாம் வரும்.

நாளை மூன்றரைக்கு நர்ஸ் தின விழா. ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டியது, லீவு என்று தள்ளி வைத்தார்கள். எனக்குக் கேடயம் உண்டாம். அண்ணனிடம் சொன்னேன். "மூணரைன்னா மூணரைக்குக் கெளப்பிருவாவளா?" என்று கேட்டார். ஞானசிகாமணி அண்ணன் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். அவருக்கு எதுவும் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்ப வேண்டும்.

வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. யூனிஃபார்மை அயர்ன் பண்ணி வைத்தாயிற்று.

மே 15, புதன்

மோட்டார் ரிப்பேர்காரர் வரவில்லை.

மே 16, வியாழன்

டூட்டி போனேன், வந்தேன். மோட்டாரில் காயில் போய்விட்டதாம்.

இந்த டைரி மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு அல்சர் மாத்திரையின் பெயர் இருக்கிறது. பதினான்காம் தேதிப் பக்கத்தில் அந்தப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 18, சனி

ஆறாம் கட்டில் விஷயமாக மீட்டிங். தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தவர். குழாய் போன இடத்தில் ரத்தம் வெளியே வராமல் உள்பக்கமாகக் கசிந்து, வயிற்றுக்குப் பின்னால் தேங்கி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு இறந்துவிட்டார். வெளியே ஒரு பொட்டு வீக்கம் இல்லை. அழுத்தியது நான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, நோயாளி ஏதாவது குறை சொன்னாரா என்று. இல்லை என்றேன். சார்ட்டிலும் அப்படித்தான் இருந்தது. மூன்றரை மணி, பிரஷர் 130/80, குறை ஏதும் இல்லை. என் கையெழுத்து. ஆயிரத்தில் ஒன்று இப்படி ஆகும், யாரையும் சொல்லிக் குற்றமில்லை என்று முடித்துவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சமோசா கொடுத்தார்கள், தின்றேன்.

மே 26, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ரோஸ்லெட் மதினி இரண்டு தடவை மாடிப்படி ஏறி வந்து கேட்டார். தலைவலி என்றேன். மதினி கேடயத்தை டிவி மேல் வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறாராம்.

ஜூன் 4, செவ்வாய்

புது மோட்டார் வந்தது. பழையதைவிடச் சத்தம் அதிகம்.

ஜூன் 12, புதன்

ஆறாம் கட்டில்காரரின் மகள் வந்திருந்தாள். கேஸ் ஷீட் நகல் வாங்க வந்தவளை ரெக்கார்டு ரூமில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் நேரே வார்டுக்கு வந்து என்னைக் கேட்டிருக்கிறாள். பெயர் பேச்சித்தாய். முக்கூடலில் அங்கன்வாடி டீச்சர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அன்றைக்கு அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். தொடைக் கேஸ் என்றால் சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை. பேச்சு கொடுத்து ஆளை எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள்.

சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை எல்லாம் இல்லை. கையில் ஒரு பை நிறைய முறுக்கு.

"அப்பாவ நல்லாப் பாத்துக்கிட்டியளாம் சிஸ்டர். பக்கத்துக் கட்டில்ல இருந்தவுக சொன்னாவ. அப்பா கடைசியா என்னமும் சொன்னாவளா? எங்கிட்ட பேசவே இல்ல பாத்துக்கிடுங்க. அதான் கேக்கேன்."

"ஒண்ணும் சொல்லலம்மா. தூங்கிட்டே இருந்தாங்க" என்றேன்.

தலையை ஆட்டினாள். வலியில்லாமல் போனாரே, அது போதும் என்றாள். பிறகு போய்விட்டாள். முறுக்கை முத்துச்செல்வியிடம் கொடுத்து வார்டில் பங்கு வைக்கச் சொன்னேன். எனக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தாள். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து டீ குடிக்கப் போன அண்ணன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். நான் டூட்டியில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் அவரைப் பார்த்ததும் பதறவில்லை. சட்டையைக் கழற்றினேன், ஈசிஜி எடுத்தேன், ஊசி போட்டேன். மதினிதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாருடைய அண்ணனுக்கோ செய்வது மாதிரி செய்தேன்.

வலது கை வழியாக ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் போகிற தாய்க்குழாயே தொண்ணூறு சதவீதம் அடைப்பு. அடைப்பும் சாதாரணமில்லை, சுண்ணாம்பு மாதிரிக் கெட்டித்துப் போயிருக்கிறது. இதயம் முப்பது சதவீதம்தான் துடிக்கிறது. கிரியாட்டினின் 3.2. சுகர்க்காரர், சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருவது தெரியும், இவ்வளவு என்று தெரியாது.

ஜூன் 19, புதன்

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ண முடியாது என்று சர்ஜன் கைவிரித்துவிட்டார். ஸ்டென்ட்தான். செய்யாமல் விட்டால் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும்.

ஆஞ்சியோ எடுத்த வலது மணிக்கட்டில் நாடி இல்லை. சிலருக்கு அப்படி அடைத்துக்கொள்ளும். கைக்கு ஆபத்தில்லை, இன்னொரு குழாய் இருக்கிறது. ஆனால் அந்த வழி இனி கிடையாது.

மதினி சுக்குக் காப்பி கொண்டு வந்தார்.

ஜூன் 20, வியாழன்

டாக்டர் வேலாயுதம் அண்ணனையும் மதினியையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். மிச்சம் இருப்பது இரண்டு வழி, இடது கை, இல்லாவிட்டால் தொடை. இடது கை என்றால் ரத்தக்கசிவு பயம் குறைவு. ஆனால் அந்தக் குழாய் ஒல்லி. கெட்டித்த அடைப்பைக் குடைகிற கருவி போவதற்குத் தடித்த குழாய் வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்டால் பாதியில் வழி மாற்ற வேண்டி வரும். அதோடு இன்னும் ஒரு வருடத்தில் அண்ணனுக்கு டயாலிசிஸ் தேவைப்படும். அதற்கு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்க அந்தக் கையைத்தான் சிறுநீரக டாக்டர் குறித்து வைத்திருக்கிறார். அதில் யாரும் ஊசிகூடப் போடக் கூடாது என்று எழுதியே ஒட்டிவிட்டார்.

தொடை என்றால் தாராளமான வழி. ஆபத்து வேறு. டாக்டர் அதை அண்ணனுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார்.

"சில பேருக்கு உள்ளுக்குள்ள ரத்தம் கசியும் சார். வெளிய தெரியாது. முதுகு வலிக்கும், பிரஷர் இறங்கும். நேரத்துல கவனிச்சிட்டா சரி பண்ணிரலாம். அதுக்குத்தான் உங்க தங்கச்சி இருக்காங்களே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்து எத்தனை நாளாகிறதோ, அவ்வளவு தூசி.

இரண்டிலும் ஆபத்து இருப்பதால் வீட்டில் கலந்து சொல்லுங்கள், தன் யோசனை தொடைதான் என்றார்.

ஜூன் 22, சனி

டாக்டரைத் தனியாகப் பார்த்து, கை வழியாகச் செய்யுங்கள் என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். இடது மணிக்கட்டுக் குழாய் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. நானே ஆயிரம் தடவை பார்த்த படம், எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"காரணம் சொல்லுங்க சிஸ்டர். மருத்துவக் காரணம் இருந்தா நான் யோசிக்கிறேன். பயம்னு மட்டும் சொல்லாதீங்க. தொடைக் கேஸ்னா இந்த ஆஸ்பத்திரியே உங்க கையத்தான் நம்புது."

காரணம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் மே மாதத்துக்குப் போக வேண்டும். பயம்தான் டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வார்டில் யாரோ பழைய போர்வையைப் புதுக் கட்டிலில் விரித்திருந்தார்கள். நன்றாகத் திட்டினேன்.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தை நறுக்கித் தரச் சொன்னார். சுகருக்கு ஆகும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மதினி கோயிலுக்குப் போயிருந்தார்.

"ஏட்டி, நாகர்கோயிலுக்குப் போவ ரெண்டு ரோடு இருக்குன்னா எதுல வண்டிய வுடணும்னு ரோட்டுல போனவன்கிட்டதான் கேக்கணும். நீ சொல்லு. நான் கையெழுத்துப் போடுதேன்."

நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் அப்பா போய்விட்டார். அண்ணன்தான் பீஸ் கட்டி நர்ஸிங் சேர்த்தார். அதற்காகவே அவர் கல்யாணம் ஆறு வருடம் தள்ளிப் போனது. அதை இதுவரை ஒரு தடவையும் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்டவர் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்த்து, என் பயத்துக்காகக் கை வழி என்று சொல்லிவிட முடியாது. பாதி வழியில் குழாய் மாட்டிக்கொண்டால் மேஜையிலேயே போய்விடுவார். டயாலிசிஸுக்கு வைத்திருக்கிற கையும் போகும். படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் பதில் ஒன்றுதான்.

"தொடை" என்றேன்.

"சரி. அழுத்துறது நீதானே?"

"ஆமாண்ணே."

"அப்பம் என்ன, பேசாம இரி" என்று இரண்டு துண்டு கொய்யாவை என் பக்கம் தள்ளினார். தின்றேன். உப்பு போட்டிருந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அண்ணனுக்கு இரண்டு தொடைப் பக்கமும் ஷேவ் பண்ணித் தயார் செய்தாயிற்று. ஆண் செவிலியர்தான் செய்தார். அண்ணன் அவரிடம் கேலி பேசிச் சிரிப்பது வெளியே கேட்டது.

ஜூன் 27, வியாழன்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேரப்படி எழுதுகிறேன், அண்ணனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

எட்டரைக்கு உள்ளே கொண்டு போனார்கள். சொந்தக்காரர் என்பதால் எனக்கு உள்ளே டூட்டி இல்லை. மதினியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஒரு கால் ஆடுகிறது. ரிப்பேர் பண்ணச் சொல்ல வேண்டும்.

பத்து ஐம்பதுக்கு டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். அடைப்பைக் குடைந்தாயிற்று, இரண்டு ஸ்டென்ட், நல்ல ஓட்டம். மதினி அங்கேயே முழங்கால் போட்டுவிட்டார்.

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தின் வேகம் தணிந்தபின், ஒன்று முப்பத்தைந்துக்குத் தொடைக் குழாயை உருவினார்கள். அழுத்துவதற்கு மட்டும் டாக்டர் எனக்கு அனுமதி கொடுத்தார். இருபது நிமிடம் வேண்டிய இடத்தில் முப்பது நிமிடம் அழுத்தினேன். அண்ணன் மேலே காத்தாடியைப் பார்த்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கிளம்புகிற பஸ்களை ஒன்றொன்றாகச் சொன்னார். கையை எடுத்தபோது துளி ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. என் விரல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கட்டுப் போட்டு மணல் பையை வைத்து, முத்துச்செல்வியிடம் ஒப்படைத்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அவள்தான் என்னைத் துரத்தினாள். கேன்டீனுக்குப் போனேன், மதினிக்கும் வாங்கிக் கொடுத்தேன். உட்கார்ந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மூன்று நாற்பது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாருக்கேன் என்றார். கால் சூடாக இருந்தது, கட்டு காய்ந்திருந்தது. சார்ட்டைப் பார்த்தேன். மூன்றரை மணி, குறை ஏதும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. நகரப் போனேன். பிறகு ஏதோ தோன்றி நின்று, முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"மூணு பத்துக்குக் கெளம்பிச்சு. அந்தப் பிள்ளைட்ட சொன்னேன். படுத்தே கெடந்தா வலிக்கத்தான் செய்யும்னுட்டுப் போயிட்டு. எல்லாருக்கும் உள்ளதுதானன்னு பொறவு சொல்லல."

அதே வாக்கியம். என் சிரிப்போடு சொல்லியிருப்பாள். சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்திருப்பாள்.

பிரஷர் எடுத்தேன். 84/50. நெற்றியில் கை வைத்தேன், ஜில்லென்று வியர்வை. கட்டில் தலைமாட்டைத் தாழ்த்தினேன், வலது கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனை முழு வேகத்தில் திறந்துவிட்டேன், டாக்டரைக் கூப்பிட்டேன். "உள்ள கசியுது டாக்டர், உடனே வாங்க" என்றேன். ஸ்கேன் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் போனில் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி. நான்கு மணிக்கு ஸ்கேன், நாலேகாலுக்கு மறுபடி மேஜை. அடுத்த தொடை வழியாகப் போய், கசிகிற இடத்தை உள்ளிருந்தே பலூனால் அடைத்து, உறை போட்ட ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது. ஐந்தரைக்குப் பிரஷர் 110.

இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று டாக்டர் மதினியிடம் சொன்னார். தங்கை கண்ணில் பட்டதால் பிழைத்தார் என்றார். மதினி என் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். இடது கை அப்படியே இருக்கிறது. சிறுநீரக டாக்டர் வந்து அதைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

துணி அடுக்குகிற ரூமில் முத்துச்செல்வி அழுதுகொண்டிருந்தாள். மேட்ரன் மெமோ கொடுத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தாள்.

"நான் பிரஷர் பாக்காம எழுதிட்டேன் சிஸ்டர், அது என் தப்புதான். ஆனா வலிக்கின்னு சொன்னா அப்படித்தான் சொல்லணும்னு நீங்கதான சொன்னிய."

ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். மெமோவில் அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. மதினியின் டிவி மேல் என் கேடயம் இருக்கிறது.

ஜூலை 3, புதன்

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடி ஏறக் கூடாது. கீழே இருந்துகொண்டே என்னைக் கூப்பிடுகிறார். மோட்டார் சத்தம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கிறதாம், அவருக்குப் பிடித்திருக்கிறது.

சாப்பிட்டதும் கேட்டார்.

"எல்லாருக்கும் வாற வலிதான அது? நீ மட்டும் நின்னு ஏன் கேட்ட?"

சும்மா என்றேன். அவர் என்னையே பார்த்தார். முப்பத்தோரு வருடம், லேட்டாக வந்த டிரைவர்கள் சொன்ன சாக்கை எல்லாம் கேட்டவர். மாத்திரைக்கு நேரமாச்சு என்றார்.

ஜூலை 4, வியாழன்

டாக்டர் வேலாயுதம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். முழுதும் சொன்னேன். முத்துச்செல்வி மெமோவுக்கு நான் பதில் எழுதுகிறேன் என்றும் சொன்னேன். கை வழியாகச் செய்யச் சொல்லி வந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அவர் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். பயம் என்றேன். வெட்கம் என்றும் சொன்னேன். கேடயம் வாங்கின கையோடு எப்படிச் சொல்வது என்றேன்.

"எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. திட்டியிருக்கலாம்.

நாளையிலிருந்து எனக்கு வார்டு கிடையாது. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். என்ன தீர்ப்பு வந்தாலும் வரட்டும். வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த ஆளுக்கு மக இருக்குன்னியே, அதுட்டச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை.

மே 14, செவ்வாய்

(ஜூலை 5-ல் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தின் நகல் ஆஸ்பத்திரிக்கு. பக்கம் முக்கூடலுக்கு. நானே கொண்டு போகிறேன், பத்து இருபது பஸ்ஸில்.)

பேச்சித்தாய்,

உன் அப்பா சுடலைக்கண்ணுவுக்கு ஒரு மணிக்குத் தொடையிலிருந்து குழாயை எடுத்தேன். இருபது நிமிடம் அழுத்தினேன். அழுத்தும்போது தன் சைக்கிள் கடையைப் பற்றிப் பேசினார். நீ சின்ன வயதில் டியூப் பஞ்சர் பார்க்கிற தொட்டியில் காகிதக் கப்பல் விட்டுக் கடையை நனைப்பாய் என்று சொன்னார். அதுவரை நான் நின்று கேட்டேன்.

மூன்று இருபதுக்கு முதுகு வலிக்கிறது என்று சொன்னார். படுத்தே கிடந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மூன்றரைக்கு எங்களுக்கு விழா. கேக் வெட்டுவார்கள், எனக்குக் கேடயம் கொடுப்பார்கள். கண்ணாடியில் தொப்பியைச் சரி செய்தேன். மூன்றரைக்கு எடுக்க வேண்டிய பிரஷரை எடுக்காமலே, அதற்கு முன் எடுத்த 130/80-ஐத் திரும்ப எழுதினேன். குறை ஏதும் இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நான்கு ஐந்துக்குத் திரும்பி வந்தபோது பிரஷர் 60. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

என் அண்ணனுக்கும் அதேதான் வந்தது. நான் நின்று கேட்டேன், அவர் இருக்கிறார்.

உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார் என்று உன்னிடம் சொன்னது பொய். வலியில்லாமல் போகவில்லை. கடைசியாக என்னமும் சொன்னாவளா என்று கேட்டாயே, சொன்னார். நான் வாசல் வரை போய்விட்டேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சிஸ்டர், இது வேற மாரி வலிக்கி. ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க."

வாறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.